கடைப் பூனையின் பாஷை

செமோர் கடைத்தெருவில் விடியற்காலையில் இரும்புக் கதவைத் தூக்கும் மளிகைக் கடைக்காரரை முதலில் எதிர்கொண்டு வருவது பெரும்பாலும் வாடிக்கைக்காரரல்லர்; கடைப் பூனைதான். வாலை நேராக நிமிர்த்திக்கொண்டு வரும், காலில் உரசும், பிறகு கல்லாப்பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நாமும் நெத்திலிப் பெட்டியிலிருந்து இரண்டு எடுத்துப் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். இவ்வளவுதான் நமக்கும் அதற்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் என்று வெகுகாலம் எண்ணியிருந்தோம். அந்தக் கணக்கு தவறு என்பதை ஒரு நஷ்டத்தின் மூலமே தெரிந்துகொண்டோம். நமது சங்கத்துச் சகோதரர்களில் பெரும்பாலோர் கடை வைத்திருப்பவர்கள். ஆகையால் அதையே இம்முறை பாடமாக எழுத முன்வந்தோம்.

பூனை மனிதனோடு சேர்ந்த வரலாறே ஒரு வியாபார வரலாறுதான். ஆட்டையும் மாட்டையும் மனிதன் பிடித்துக் கட்டினான். பூனையை யாரும் பிடித்துக் கட்டவில்லை. மேற்காசியாவில் மக்கள் பயிரிட்டுத் தானியத்தைச் சேர்த்துவைக்கத் தொடங்கியபோது எலி வந்தது; எலியைத் தேடிக் காட்டுப் பூனை வந்தது. தானியம் வைத்திருந்தவன் அதை விரட்டவில்லை. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு புதைகுழியில், மனிதனுக்கு மிக அருகில் ஒரு பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர் 2004-இல் வெளியிட்டனர். அத்தீவில் இயற்கையாகப் பூனை இருந்ததில்லை. ஆகவே அக்காலத்திலேயே அது படகேறி வந்திருக்கிறது! கப்பல்காரர்கள் சரக்கோடு பூனையையும் ஏற்றிக்கொண்டதும் இதே காரணத்தால்தான். கிட்டங்கி உள்ள இடமெல்லாம் அதற்கு ஊர்.

இனி நமது நஷ்டத்துக்கு வருவோம்.

நமது கடையில் ஒரு பெண் பூனை இருந்தது. வெள்ளை உடம்பில் மஞ்சள் திட்டு. கல்லாப்பெட்டியை விட்டு இறங்காத காரணத்தால் கடைப் பையன்கள் அதை ‘முதலாளியம்மா’ என்பார்கள். ஒரு வருஷம் அடைமழைக் காலத்தில் எலி அதிகமாயிற்று. இரண்டு மூட்டைப் பருப்பைக் குப்பையில் கொட்ட நேர்ந்தது. அந்தக் கோபத்தில் எலி மருந்து வாங்கிவந்து, பூனை எட்ட முடியாத சந்தாகப் பார்த்து வைத்தோம். பூனை அந்த மருந்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. எலிகள் தின்றன. இரண்டொரு நாளில் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்த எலிகளைப் பூனை வெகு சுலபமாகப் பிடித்தது. ‘இந்த வாரம் நல்ல வேட்டை’ என்று நாம் சிரித்துக்கொண்டோம்.

நான்காம் நாள் அது சாப்பிட வரவில்லை. தேடிப் பார்த்ததில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குறுகிப் படுத்திருந்தது. ‘குட்டி போட இடம் தேடுகிறது போலிருக்கிறது முதலாளி’ என்றார் கணக்கப்பிள்ளை. நாமும் அப்படியே நினைத்து ஓர் அட்டைப் பெட்டியில் பழைய சாக்கை விரித்து அருகில் வைத்தோம். அதுதான் நாம் செய்த உபகாரம். ஆறாம் நாள் காலையில் வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. ஈறு காகிதம் போல் வெளுத்திருந்தது. ஈப்போவுக்கு எடுத்துச் சென்று ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். அவர் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தவுடனே, ‘கடையில் எலி மருந்து வைத்தீர்களா?’ என்று கேட்டார்.

‘வைத்தோம் ஐயா. ஆனால் பூனைக்கு எட்டாத இடத்தில்.’

‘எலிக்கு எட்டியதல்லவா?’

அன்று அஸருக்குள் அது இறந்துவிட்டது. மூன்று நாள் முன்னதாகக் கொண்டுவந்திருந்தால் வைட்டமின் கே1 கொடுத்துப் பிழைக்கவைத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதைத்தான் மறக்க முடியவில்லை. அந்த மூன்று நாளும் அது நம் கண்ணெதிரே தன் நோயைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நாம் பெட்டியில் சாக்கு விரித்துக்கொண்டிருந்தோம்.

கடைகளில் விற்கும் எலி மருந்துகளில் பல, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தவை. ரத்தம் உறைவதற்கு வேண்டிய சத்துக்களை ஈரல் தயாரிக்கிறது. அதற்கு வைட்டமின் கே தேவை. இம்மருந்து அந்த வைட்டமின் வேலை செய்யாதபடி தடுத்துவிடுகிறது. உடம்பில் முன்பே இருக்கும் சத்து தீரும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்தே உள்ளே ரத்தம் கசியத் தொடங்கும். வேண்டுமென்றேதான் இப்படிச் செய்திருக்கிறார்கள். எலி சந்தேகப் பிராணி. தின்றவுடன் ஒன்று செத்தால் மற்றவை அந்த இரையைத் தொடா. வார்ஃபரின் என்ற பழைய மருந்து 1948-இல் விற்பனைக்கு வந்தது. பத்து வருஷத்துக்குள் அதற்கு அசையாத எலிகள் தோன்றிவிட்டன. ஆகவே புரோடிஃபாகும் போன்ற கடுமையான மருந்துகள் பின்னர் வந்தன. இவை எலியின் ஈரலில் நெடுநாள் தங்குகின்றன. அந்த எலியைத் தின்னும் பூனைக்கும், ஆந்தைக்கும், நாய்க்கும் அந்த விஷமே பங்காகிறது. பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்தால் மருந்தின் பெயர் இருக்கும். சரக்கு வாங்கும்போது எடையையும் விலையையும் பத்து தடவை பார்க்கிற நாம் அந்தச் சிறிய எழுத்தை ஒரு தடவை படிப்பதில்லை.

இதே நாட்டில் இதைவிடப் பெரிய அளவில் ஒன்று நடந்திருக்கிறது. 1950-களில் மலேரியாக் கொசுவை ஒழிப்பதற்காகச் சரவாக்கில் வீட்டுச் சுவர்களிலெல்லாம் டிடிடி மருந்து தெளித்தார்கள். மலேரியா குறைந்தது, அது பெரிய நன்மை. ஆனால் தெளித்த வீடுகளில் பூனைகள் செத்தன. சுவரில் உரசுவதும், பிறகு உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதும் பூனையின் சுபாவம். சுவரிலிருந்த மருந்து உரோமத்தில் ஒட்டி, நாக்கு வழியே வயிற்றுக்குள் போயிற்று. பூனை குறைந்த இடங்களில் எலி பெருகியது. 1960 மார்ச்சில் கெலாபிட் மேட்டுநிலத்திலுள்ள பாரியோவுக்கு, பயிரை அழிக்கும் எலிகளை அடக்குவதற்காக, இருபதுக்கு மேற்பட்ட பூனைகளைப் பிரிட்டிஷ் விமானப்படை பாரசூட்டில் இறக்கியது. (இது பதினாலாயிரம் பூனை என்று வளர்ந்து உலகம் சுற்றிவருகிறது. வியாபாரிகளாகிய நமக்கு எண்ணிக்கை முக்கியம். இருபதுக்குச் சற்று அதிகம், அவ்வளவே.) மருந்து தெளித்தவர்கள் கெட்டவர்களல்லர். பூனை உடம்பை நக்கும் என்ற சின்ன விஷயத்தை நினைக்க மறந்தார்கள்.

அந்தச் சின்ன விஷயம் நம் கடைகளிலும் உண்டு. தரை கழுவும் மருந்துகளில், தண்ணீரில் விட்டால் பால் போல் வெளுக்கும் வகை பெரும்பாலும் ஃபீனால் சேர்ந்தது. அது பூனைக்கு விஷம். ஈரத் தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினால் போதும். நாய்க்குப் போடும் தெள்ளுப்பூச்சி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்குப் போடவே கூடாது; வலிப்பு வந்து சாகும். எல்லாவற்றையும்விட அபாயமானது நமது இரக்கம்! பூனைக்குக் காய்ச்சல் என்று நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பொடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. அதை முறித்து வெளியேற்றும் சக்தி மனிதனின் ஈரலுக்கு உண்டு. பூனையின் ஈரலுக்கு அநேகமாக இல்லை. ஒரே மாத்திரை அதன் உயிரை வாங்கிவிடும்.

சாப்பாட்டு விஷயத்திலும் இப்படியே. நம்மவர்களில் நாசி கண்டார் கடை வைத்திருப்போர் மிச்சமான சோற்றைக் குழம்போடு பிசைந்து பின்வாசலில் வைக்கிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் நமது குழம்பில் வெங்காயமும் பூண்டும் எவ்வளவு என்று நமக்கே தெரியும். இவ்விரண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன. பச்சையாயினும் வெந்ததாயினும் ஒன்றே. வெந்த கோழி எலும்பு பிளந்து தொண்டையில் குத்தும். பாலோ, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு ஜீரணமாகாது, பேதியாகும். பூனை பால் குடிக்கும் பிராணி என்பது நாம் கட்டிய கதை. உண்மையில் அது மாமிசம் தின்று வாழும் பிராணி. டாரின் என்றொரு சத்து அதற்கு மாமிசத்திலிருந்தே கிடைத்தாக வேண்டும். அது குறைந்தால் கண் பார்வை போகும் என்பதை 1975-இலும், இருதயம் பலவீனமாகும் என்பதை 1987-இலும் கண்டறிந்தார்கள். வெறும் சோறு போட்டு வளர்த்த பூனை வயிறு நிறைந்தும் பட்டினி கிடக்கிறது. குழம்பில் போடுவதற்கு முன்னாலேயே மீன் தலையையும் கோழி ஈரலையும் தனியாக வேகவைத்து எடுத்து வைத்தால் செலவு ஒன்றும் கூடாது. பக்கத்தில் சுத்தமான தண்ணீர். பொட்டலத்தில் வரும் பூனைத் தீனியை வாங்கக்கூடியவர்கள் வாங்கலாம். டாரின் அதில் சேர்த்தே இருக்கும். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் பூனையைச் சமையற்கட்டுக்குள் விடலாகாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

இப்போது பாஷைக்கு வருவோம். பூனை பேசாது என்கிறோம். பேசுகிறது, வாயால் குறைவாக, உடம்பால் அதிகமாக. வால் நிமிர்ந்து நுனி சற்று வளைந்திருந்தால் உங்களை நம்பி வருகிறது. வாலைப் பக்கவாட்டில் அடித்தால் எரிச்சல். நாய் வாலாட்டுவதைப் போன்றதன்று இது. இதை அறியாமல் குழந்தைகள் கடி வாங்குகிறார்கள். காது பின்னோக்கி மடிந்தால் கையை எடுத்துவிட வேண்டும். உங்களைப் பார்த்துக் கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் பயமில்லை என்று பொருள். நீங்களும் அப்படியே செய்து பாருங்கள், பல பூனைகள் மறுமொழி சொல்லும். மல்லாந்து வயிற்றைக் காட்டுவது தடவச் சொல்வதாகாது. தொண்டையில் குர்ரென்ற சத்தம் சந்தோஷத்தில் மட்டும் வருவதன்று. வலியிலும் பயத்திலும் வரும். நமது பூனை கடைசி நாளிலும் அந்தச் சத்தம் செய்தது. கணக்கப்பிள்ளை அதைக் கேட்டு, ‘சுகமாகிவிட்டது’ என்றார்.

நோயை ஒளிப்பது பூனையின் இயல்பு. அது வேட்டையாடும் பிராணி மட்டுமன்று. தன்னைவிடப் பெரியவற்றுக்குத் தானே இரையும் ஆகும். பலவீனத்தைக் காட்டினால் உயிர் போகும் என்பது அதன் பரம்பரைப் பாடம். ஆகவே ஒளிந்துகொள்வதே அதன் முறையீடு. எப்போதும் கல்லாப்பெட்டி மேல் இருப்பது மூட்டைக்குப் பின்னால் போனால், எப்போதும் ஓடிவருவது ஒரு வேளை வராவிட்டால், அன்றே பார்க்க வேண்டும். 2019-இல் கனடாவின் மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் பூனையின் முகத்தைக் கொண்டே வலியை மதிப்பிடும் முறையை வெளியிட்டனர். காது வெளிப்புறம் திரும்பியிருக்கிறதா, கண் இடுங்கியிருக்கிறதா, மூக்கும் வாயும் இறுகியிருக்கின்றனவா, மீசை விறைத்து முன்னோக்கி நிற்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என ஐந்து இடங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள். தராசுத் தட்டில் ஒரு குண்டுமணி வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு இது பெரிய காரியமா?

இரண்டு அறிகுறிகளுக்கு ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. ஆண் பூனை சிறுநீர் கழிக்க அடிக்கடி உட்கார்ந்து முக்கி, ஒன்றும் வராமல் எழுந்தால் அதன் நீர்த்துவாரம் அடைத்திருக்கக்கூடும். இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். பலர் இதை மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். மற்றொன்று, வாயைத் திறந்து மூச்சு விடுவது. நாய் ஓடிவந்து அப்படிச் செய்வது சகஜம். சும்மா இருக்கும் பூனை செய்வது ஆபத்து. சாப்பிடாதிருப்பதும் லேசானதன்று. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் அதன் ஈரலிலேயே கொழுப்பு ஏறிக் கெட்டுவிடும்.

மிருகத்தின் சத்தத்தைக் கேட்டும் பொருள் அறியாதிருந்தால் மனிதருக்கே என்ன நேரும் என்பதற்கு நமது கிந்தாப் பள்ளத்தாக்கு ஒரு சாட்சி. 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போவைச் சுற்றிய பன்றிப் பண்ணைகளில் பன்றிகள் இருமத் தொடங்கின. வெகு தூரம் கேட்கும், நாய் குரைப்பது போன்ற இருமல். நாம் அப்பண்ணைகளின் பக்கம் போகிறவர்களல்லர். ஆனாலும் பாடத்துக்கு அண்டை வீடு, நம் வீடு என்பதில்லை. பிறகு பண்ணை ஆட்களுக்குக் காய்ச்சல் கண்டு மூளை பாதித்தது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முடிவு கட்டி, கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இதுவோ பன்றியைத் தொட்டு வேலை செய்த வளர்ந்தவர்களைத் தாக்கியது. ஊசி போட்டவர்களையும் தாக்கியது. நோய்ப்பட்ட பன்றிகள் விற்பனையாகித் தெற்கே நெகிரி செம்பிலான் வரை போயின. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் இது புதிய கிருமி என்று கண்டார். சுங்கை நிப்பா என்ற கம்பத்தின் பெயரால் அதற்கு நிப்பா என்று பெயரிட்டனர். மலேசியாவில் 265 பேர் நோய்ப்பட்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. கிருமி பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்தது. கொட்டிலை ஒட்டிப் பழமரங்கள் வைத்திருந்தார்கள், வௌவால் கடித்துப் போட்ட பழம் கொட்டிலுக்குள் விழுந்தது. பண்ணை நாய்களுக்கும் பூனைகளுக்கும்கூட நோய் தொற்றியது. ஈப்போவிலேயே 1948 முதல் கால்நடை ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்துவருகிறது. கோழியோ ஆடோ கூட்டமாக ஒரேவிதமாக இருமினாலும் சுருண்டாலும், அதை உடனே மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்குத் தெரிவிப்பதில் நமக்கு என்ன குறைந்துபோகிறது? வௌவால் கடித்த பழத்தை ஆட்டுக்குப் போடுவதையும் விட்டுவிடலாம்.

மார்க்கம் இவ்விஷயத்தில் சொல்லியிருப்பது நம்மில் பலருக்கு மனப்பாடம். ஒரு பெண் பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டதால் தண்டனைக்குள்ளான ஹதீஸை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். அதில் நாம் கவனிக்கத் தவறும் பகுதி ஒன்றுண்டு. அவள் மீதுள்ள குற்றம் இரண்டு பாதியாகச் சொல்லப்படுகிறது: தானும் உணவு கொடுக்கவில்லை; அது தானே பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தேடித் தின்னவும் விடவில்லை. இதைக் கடைக்காரரின் கணக்கில் போட்டுப் பாருங்கள். நோன்புப் பெருநாளைக்கு ஐந்தாறு நாள் கடையைப் பூட்டிவிட்டு ஊர் போகிறோம். எலிக்காகப் பூனை உள்ளேயே இருக்கட்டும் என்று விடுகிறோம். எலி கிடைக்காவிட்டால்? தண்ணீர்? மேற்கூரைத் தகரம் வெயிலில் காயும்போது பூட்டிய கிட்டங்கி எப்படி இருக்கும் என்று மத்தியானம் உள்ளே போய் மூட்டை தூக்கியவருக்குத் தெரியும். பையன்கள் யாராவது ஊரில் தங்கினால் அவர்களிடம் சாவியும் சில்லறையும் கொடுத்துவிட்டுப் போவது பெரிய சிரமமன்று.

அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒளூச் செய்ய வைத்த தண்ணீரைக் குடிக்க வந்த பூனைக்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த செய்தியும் ஹதீஸ் நூல்களில் உண்டு. பூனை அசுத்தமன்று, உங்களைச் சுற்றிவரும் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதே அங்கே வரும் கருத்து. நாயின் சட்டம் வேறு. ஷாஃபி மத்ஹபில் அதன் ஈரம் பட்டால் ஏழு முறை, ஒரு முறை மண்ணைக் கொண்டு, கழுவ வேண்டும். இந்தச் சட்டம் நாயைக் கல்லால் அடிக்கக் கொடுத்த உத்தரவு என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்! தாகத்தால் மண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றிலிறங்கிக் காலணியில் தண்ணீர் மொண்டு கொடுத்தவனுக்கு மன்னிப்புக் கிடைத்த செய்தியும் அதே நூல்களில்தான் இருக்கிறது. நமது சுற்றுப்புறத்தில் இது வெறும் பேச்சன்று. பால்மரக் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறியபோது லயங்களில் இருந்தவர்கள் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். மாட்டை விற்றார்கள், நாயை விட்டுவிட்டுப் போனார்கள். அவற்றின் சந்ததிகள் இன்றும் கடைத்தெருவுக்கு வருகின்றன. பின்புறம் குப்பைத் தொட்டியை மூடி வைத்தால் கூட்டம் சேராது. ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தால் நமக்குச் சட்டச் சிக்கலும் இல்லை. நாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சள் தடவிக்கொண்டு உட்காரக் கூடாது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும் 2017-இல் சரவாக்கிலும் வெறிநாய்க் கடி நோய் தலைகாட்டியது.

குட்டிகளைப் பெட்டியில் போட்டு ஈரச் சந்தையில் விட்டுவரும் வழக்கத்தைப் பற்றி எழுதாவிட்டால் இப்பாடம் குறைபடும். சந்தையில் மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்பது வாதம். கண் சரியாகத் திறவாத குட்டிக்கு மீன் எதற்கு? பெண் பூனை ஆறு மாதத்திலேயே, சில சமயம் அதற்கும் முன்னால், சினையாகும். ஒன்பது வாரத்தில் ஈனும். வருஷத்தில் இரண்டு மூன்று ஈற்று. ஈற்றுக்கு நான்கு குட்டி என்று வைத்தாலும் ஆண்டுக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்துவிட்டால் இந்தப் பெட்டி தூக்கும் வேலையே இல்லை. இது ஆகுமா என்று சிலர் தயங்குகிறார்கள். மிருகத்துக்குத் துன்பம் நேராமல், பெருக்கத்தால் வரும் கேட்டைத் தடுப்பதற்காகச் செய்யலாம் என்று மார்க்க அறிஞர் பலர் விளக்கியிருக்கிறார்கள். ஐயமுள்ளவர்கள் தங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளலாம். பெட்டியில் போட்டு விட்டுவருவது ஆகுமா என்று மட்டும் இதுவரை யாரும் நம்மிடம் கேட்டதில்லை.

அரசாங்கச் சட்டமும் முன்போலில்லை. 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மிருகவதைக்கு முதலில் விதித்திருந்த அபராதம் 200 வெள்ளிதான். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலை முதல் அமலாகி, 20,000 வெள்ளியிலிருந்து 1,00,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்றிருக்கிறது. வைத்திருப்பவர் உணவும் இடமும் சிகிச்சையும் கொடுப்பது கடமை என்றும் சொல்கிறது.

ஹஜ்ஜுப் பெருநாள் ஆடுகளுக்கும் ஒரு வார்த்தை. கழுத்தில் சுருக்கிட்ட கயிறு, வெயிலில் நிற்கும் லாரி, தண்ணீரில்லாத ஒரு பகல். இவை மூன்றும் நமது தெருவில் கண்டவை. ஆடு கூட்டப் பிராணி; தனியே கட்டினால்தான் ஓயாமல் கத்தும். இரண்டாகக் கட்டி நிழலில் விட்டால் அடங்கிவிடும். அதன் எதிரே கத்தி தீட்டலாகாது என்பதும், ஒன்றின் எதிரே மற்றொன்றை அறுக்கலாகாது என்பதும் அறுப்பவர்க்குத் தெரியும். கூட்டத்தில் அவசரத்தில் மறந்துபோகிறது.

எலிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் உயிருக்கே ஆபத்தானது; எலியை விட்டுவைக்கச் சொல்லவில்லை. நாம் இப்போது செய்வது இது. மூட்டைகளைத் தரையில் போடுவதில்லை. ஒரு முழ உயரப் பலகையில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குகிறோம். சந்து தெரிவதால் எலிக்கு மறைவில்லை. பூனைக்கு ஓட இடமிருக்கிறது. பெருவிரல் நுழையும் ஓட்டை எலிக்குப் போதுமாதலால் அப்படிப்பட்டவற்றைக் கம்பி வலையும் சிமெண்டும் வைத்து அடைத்தோம். சிந்திய அரிசியை இரவே கூட்டிவிடுகிறோம். பொறி நான்கு இருக்கிறது. மருந்து வைத்தே ஆகவேண்டும் என்று வந்தால், பூட்டிய பெட்டிக்குள் வைத்து, செத்த எலியைத் தினமும் தேடி எடுத்துப் புதைத்து, அத்தனை நாளும் பூனையை வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். நமக்கு அந்த அவசியம் இதுவரை வரவில்லை. செம்பனைத் தோட்டங்களில் எலிக்காகக் கூண்டு வைத்துக் கூகை ஆந்தை வளர்க்கிறார்கள். ஒரு ஜோடி தன் குஞ்சுகளோடு வருஷத்தில் ஆயிரத்துக்கும் அதிகமான எலிகளைத் தின்னும். கடுமையான மருந்து வைத்த தோட்டங்களில் அந்த ஆந்தைகளே குறைந்துபோனதை 1980-களில் கண்டார்கள். நாம் ஒரு பூனையில் கண்டதும் அதுதான்.

இப்போது கடையில் இரண்டு பூனைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் கருத்தடை ஆகிவிட்டது. இரவு கதவை இறக்குமுன் பையன் ஒருவன் விளக்கை எடுத்துக்கொண்டு மூட்டைகளின் பின்னால் ஒரு சுற்று வந்து, ‘ரெண்டும் இருக்குது முதலாளி, சாப்பிட்டாச்சு’ என்று சொல்லுவான். அதைக் கேட்ட பிறகே கல்லாப்பெட்டியைப் பூட்டுகிறோம்.